தாய்வழி வீடும் கடல்வழிக் கதிரையும்

கலங்கிய நீரைத் தெளிவிக்கும் தேற்றா மரத்தின் பெயரைத் தாங்கி, கிழக்கே வங்கக் கடலும் மேற்கே மட்டக்களப்பு வாவியும் காவல் நிற்க, எழுவான்கரையில் அமைந்திருக்கும் தேற்றாத்தீவையும் அதன் அயலூர்களையும் அறிந்தவர்கள், பழைய தளபாடத்தோடு புதியதைச் சேர்த்து வீட்டை அலங்கரிப்பதை நேற்று வந்த நாகரிகமென்று சொல்ல மாட்டார்கள்.

இப்பிரதேசத்தில் மகளுக்குக் கல்யாணமாகும்போது, பெற்றோர் தாம் வாழ்ந்த வீட்டையே சீதனமாகக் கொடுத்துவிட்டு, இளைய பிள்ளைகளோடு அயல் வளவில் வேறு வீடு கட்டிக் குடிபோவதும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வதும் தொன்றுதொட்டு வந்த சம்பிரதாயம். ஆதலால், பெயர்த்துச் செல்ல அரிய பெட்டகம் முதலியவை நின்ற இடத்திலேயே நிற்க, அவற்றின் அருகே புதுத் தம்பதிகள் தங்கள் காலத்துப் பொருள்களைக் கொண்டுவந்து வைப்பது இயல்பாயிற்று.

ஆதியில் இவ்வீடுகளின் பிரதான ஆசனம் பாய்தான். நீர்நிலைகளில் வளரும் பன்னை அறுத்து உலர்த்தி, அதில் ஒரு பங்கைச் சாயத்தில் அவித்து நிறமேற்றி, பெண்கள் தரையிலமர்ந்து இழைக்கும் பன்பாயே படுக்கையும் விருந்தினர் இருக்கையுமாயிற்று. மட்டக்களப்பார் வந்தவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவர் என்று பிற ஊரார் சொல்வதை மந்திர வித்தையாகப் பலர் கொள்வர்; எழுந்து போக மனம் வராதபடி செய்யும் உபசாரத்தின் புகழாகவே நான் அதைக் கொள்கிறேன்.

கதிரை கடல்வழியே வந்தது. போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்பின் புளியந்தீவில் கோட்டை கட்டி, 1638இல் அதனை ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். கோட்டையில் அவர்கள் இருந்தது பத்தே ஆண்டுகளாயினும், கதிரை, மேசை, வாங்கு, அலுமாரி, யன்னல் என்று அவர்கள் மொழியிலிருந்து ஈழத்துத் தமிழ் பெற்ற சொற்கள் இன்றும் நம் நாவில் வாழ்கின்றன; மேசையின் லாச்சியோ ஒல்லாந்தர் தந்த சொல். போர்த்துக்கேய மொழியின் ஒரு கிளையைத் தம் இல்லங்களில் பேசிவந்த மட்டக்களப்புப் பறங்கியர், தச்சுவேலையையும் கொல்லுவேலையையும் பரம்பரைத் தொழில்களாகப் போற்றினர். கீழ்மாகாணக் காடுகளோ, பொன்னிறமும் பட்டின் மினுக்கமுமுடைய முதிரை மரத்தைத் தந்தன.

கைகள் பட்டுப் பட்டு வழுவழுப்பேறிய ஒரு முதிரைச் சாய்மனைக் கதிரையை ஒரு வீட்டின் விறாந்தையில் கண்டு நெடுநேரம் நின்றிருக்கிறேன். அதன் பிரம்புப் பின்னல் அறுந்துபோகவே, வீட்டார் சட்டத்தை விறகாக்காமல், அதே துளைகளில் நீல நிற நைலோன் நாடாவைக் கோத்துப் பின்னியிருந்தார்கள். பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரைகள், கீழே பன்பாய். பேரப்பிள்ளைகள் பாயில் உருள, சாய்மனையில் பாட்டனார் கண்ணயர்ந்திருந்தார்.

1978ஆம் ஆண்டுப் புயலும் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும் இக்கரையில் எத்தனையோ வீடுகளை வெறுமையாக்கிச் சென்றன. அவற்றுக்குத் தப்பிய பெட்டகத்தையும் கதிரையையும் பழசென்று விற்றுவிடாமலும், தொடக்கூடாத காட்சிப்பொருளாக்காமலும், அறுந்த இடத்தில் புது நாடா கோத்து, உட்கார்ந்து, மகளுக்கு ஒப்படைப்பதே அவற்றுக்கு நாம் செய்யும் மரியாதை.