கிளாத்தியின் வாசம்

யாழ்ப்பாணத்தில் கிளாத்தி என்றால் தடித்த தோலை உரித்துக் கறிக்குப் போடும் மீன். சிட்னி மீன் சந்தையில் அதன் உறவினருக்கு 'லெதர்ஜாக்கெட்' என்று பெயர். அவற்றில் ஒரு வகை, 1819இல் சிட்னிக்கு வந்த பிரெஞ்சுக் கப்பல் தலைவர் ஃப்ரெசினேயின் பெயரை விஞ்ஞானப் பெயரில் இன்றும் சுமக்கிறது.

மெல்பேர்ணில் என் வீட்டுப் பவளத் தொட்டிக்கு மகள் கேட்பது வேறொரு கிளாத்தி. விரல் நீளம், நீலப்பச்சை உடலில் செம்மஞ்சள் புள்ளிகள். அது தின்பது அக்ரோபோரா என்னும் கிளைப்பவளத்தின் உயிர்த்தசையை. வேறெதையும் அநேகமாகத் தொடாது.

வீட்டுக்குள் பவளம் வளர்ப்பதை மேற்குநாட்டுக் கண்டுபிடிப்பு என்றே பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஜகார்த்தாவின் லீ சின் எங், கடலில் எடுத்த உயிர்க்கல்லையும் காற்றுக்குமிழியையும் கொண்டே தொட்டியை வாழவைத்த முறையை 1961இல் எழுதிவிட்டார். இலங்கையிலிருந்து கடல் அலங்கார மீன்களை ஏற்றுமதி செய்த முன்னோடி, சுழியோடி ரொட்னி யொங்கிளாஸ். நம் பக்கத்துக் கடல்களும் இந்த வரலாற்றின் ஆரம்பத்திலேயே இருக்கின்றன.

இந்தக் கிளாத்தியோ தொட்டிகளில் பட்டினி கிடந்தே செத்தது. வாங்காதே என்பதுதான் பல காலமாக அனுபவசாலிகள் சொன்ன புத்திமதி. 2009இல், கடலே இல்லாத மினசோட்டாவில், மாட் பெடர்சன் என்பவர் அதை வீட்டிலேயே குஞ்சு பொரிக்க வைத்தார். அதன் பிறகும் சாதாரணத் தொட்டிக்காரருக்கு அது கடினமான மீன்தான்.

2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு என்னை அதிகம் பிடித்துக்கொண்டது. பெரும் தடுப்புப் பவளத்திட்டின் லிசார்ட் தீவில் செய்தது. தின்ற பவளத்தின் வாசமே இந்த மீனின் உடலிலும் வீசுகிறதாம். அந்தப் பவளத்தில் குடியிருக்கும் நண்டுகள்கூட ஏமாந்து மீனின் வாசத்தைத் தேடி வந்தன. அதே பவளத்துக்குள் ஒளிந்தால் வேட்டைமீனுக்கும் மோப்பம் தட்டுவதில்லை. பள்ளிக்கூடத்தில் தன் சட்டையில் கறி மணக்கிறது என்று ஒருகாலம் அழுத மகளுக்கு இதைச் சொன்னேன். சிரித்தாள்.

சிரிக்க முடியாத பகுதியும் உண்டு. 1998இல் கடல் சூடேறி ஹிக்கடுவையிலும் ஒகினாவாவிலும் பவளங்கள் வெளுத்துச் செத்தன. ஒகினாவாவில் ஆய்வாளர்கள் கவனித்துவந்த இந்த மீன்கூட்டம் அதோடு இல்லாமற் போனது. பெரும் தடுப்புத் திட்டிலும் 2016, 2017, 2020, 2022, 2024 என்று வெளுப்பு திரும்பத் திரும்ப வருகிறது.

கடலில் பிடித்ததை வாங்கமாட்டேன் என்று மகளிடம் சொல்லிவிட்டேன். தொட்டியில் பிறந்த குஞ்சு கிடைத்தால் பார்ப்போம். அதுவரை அந்த மூலையில் அக்ரோபோரா மட்டும் வளரட்டும்.