கள்ளக்கடல்: கரைச்சொல் ஒன்று எச்சரிக்கையான வரலாறு

2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவரை அலை இழுத்துச் சென்றது, ஐவரும் உயிரிழந்தனர். அன்று அக்கரையில் புயல் இல்லை. நிலநடுக்கமும் இல்லை. ஆனால் எச்சரிக்கை இருந்தது. ஐதராபாத்தில் இயங்கும் இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் கேரளத்துக்கும் தென் தமிழகத்துக்கும் அதை முன்னரே விடுத்திருந்தது. அந்த எச்சரிக்கையின் தலைச்சொல் மீனவர்கள் தந்தது: கள்ளக்கடல்.

காற்றும் மழையும் காட்டிக்கொடுக்காத வேளையில், திருடனைப் போல் வந்து கரையேறும் கடலுக்குக் கேரள மீனவர் இட்ட பெயர் அது. சுனாமியைப் போல் ஊருக்குள் புகுந்தாலும் இதன் பிறப்பு வேறு. சுனாமி பெரும்பாலும் கடலடி நிலநடுக்கத்தால் எழுவது. இது வானிலையால் எழுவது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த கடல், புயலோடு சேர்ந்தே வந்தது. கள்ளக்கடலிலோ புயல் ஓரிடம், அழிவு வேறிடம். இந்தியப் பெருங்கடலின் தென்கோடிப் புயல்கள் எழுப்பும் நீண்ட அலைகள், ஆற்றல் பெரிதும் குன்றாமல் பல நாட்கள் வடக்கு நோக்கிப் பயணித்து நம் கரையை அடைகின்றன. 2024இல் அந்தப் பயணம் ஏறத்தாழ 10,000 கி.மீ. தொலைவில் தொடங்கியது.

2005 மே மாதத்தில் கேரளக் கரையிலும் தென் தமிழகக் கரையிலும் கடல் இவ்வாறு புகுந்தபின், ஆய்வாளர்கள் மீனவர் சொல்லையே தம் கட்டுரைகளில் கையாண்டனர். 2012இல் யுனெஸ்கோ அதை அறிவியல் கலைச்சொல்லாக ஏற்றது. 2020இல் இதற்கென முன்னறிவிப்பு முறையும் தொடங்கியது. அலை வந்துசேர நாட்கள் பிடிப்பதால்தான் இந்த முன்னறிவிப்பு இயலுகிறது.

ஆயினும் ஒரு சொல் தன் ஊரை விட்டு நகரும்போது அதன் பொருள் முழுதும் உடன் வருவதில்லை. தமிழில் ‘கள்ள’ என்னும் அடைக்கு இரு முகங்கள் உண்டு. கள்ளப்பார்வையில் அது மறைவைக் குறிக்கும். கள்ளநோட்டில் போலியைக் குறிக்கும். குமரிக் கரையில் பிறந்தவருக்கு முதற்பொருள் விளங்கும். உள்நாட்டிலிருந்து விடுமுறைக்கு வருபவருக்கு இச்சொல் வெறும் விந்தையாகவே நின்றுவிடக்கூடும்.

ஆகவே பெயரை மட்டும் அறிவித்தல் போதாது. ‘வானம் தெளிவாக இருந்தாலும் கடலில் இறங்காதீர்’ என்ற ஒரு வரி அதனுடன் சேரவேண்டும். மீனவர் அந்த வரியையும் சேர்த்தே ஒரு சொல்லில் அடக்கியிருந்தனர். அதை மீண்டும் விரித்துச் சொல்வதே எச்சரிப்பவரின் கடமை.