அந்நிய மண்ணில் ஆங்கில ஆசிரியர்: யப்பானும் பிலிப்பைன்சும் - ஓர் ஒப்புநோக்கு

ஆசிய நாடுகளில் ஆங்கிலக் கல்வி பரவிய வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் ஆட்சியாளரின் சட்டங்களையும் மிஷனரிமாரின் பாடசாலைகளையுமே கருத்திற் கொள்வர். கடல்கடந்து வந்து, வேதனம் பெற்றுக் கற்பித்த ஆசிரியர் அந்நோக்கில் அதிகம் புலப்படுவதில்லை. ஆயினும் அவ்வாசிரியரை அழைத்தவர் யார், எத்தேவைக்காக அழைத்தார் என்ற வினா ஒரு நாட்டின் மொழி வரலாற்றையே தெளிவுபடுத்த வல்லது. யப்பானும் பிலிப்பைன்சும் இதற்குத் தக்க சான்றுகளாகும்.

யப்பானில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட முதல் ஆசிரியர் எனக் கருதப்படும் றணல்ட் மக்டொனல்ட், அழைப்பின்றியே வந்தவர். 1848ஆம் ஆண்டில் திமிங்கில வேட்டைக் கப்பலொன்றிலிருந்து சிறு படகில் இறங்கி அவர் வடபகுதித் தீவொன்றை அடைந்தார். வெளிநாட்டார் நுழைவது தடைசெய்யப்பட்டிருந்த காலமாதலின் நாகசாக்கியிற் காவலில் வைக்கப்பட்டார். காவலிலிருந்தவாறே அவர் மொழிபெயர்ப்பாளர் 14 பேருக்கு ஆங்கிலங் கற்பித்தார். அவர்களுள் ஒருவரான மொரியாமா ஐனோசுக்கே, 1854இல் அமெரிக்கத் தளபதி பெரியுடன் நிகழ்ந்த பேச்சுவார்த்தையில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். கைதியின் மாணவன் நாட்டின் குரலானான்.

1868இல் மெய்ஜி அரசு அமைந்ததும் நிலைமை மாறியது. உலகெங்கும் அறிவைத் தேடுவதெனச் சூளுரைத்த அவ்வரசு, மேனாட்டு ஆசிரியரை உயர்ந்த வேதனத்தில் ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தியது. அதேவேளை தன் மாணவரையும் மேனாடுகளுக்கு அனுப்பியது. சென்றவர் மீண்டதும் வந்தவர் விடைபெறவேண்டும் என்பதே திட்டமாயிருந்தது.

லவ்காடியோ ஹேர்னின் வாழ்க்கை இத்திட்டத்தின் இருபுறத்தையும் காட்டுகின்றது. ஐரிஷ் தந்தைக்கும் கிரேக்கத் தாய்க்கும் பிறந்த இவர், 1890இல் மட்சுயே நகரில் மாதம் 100 யென் வேதனத்தில் ஆங்கில ஆசிரியரானார். மாணவர் ஆங்கிலத்தில் எழுதுவதற்கு அவர் கொடுத்த பொருள்கள் சந்திரன், யப்பானிய மலர் போன்றவையே. அந்நிய மொழியினூடே மாணவர் தம் மண்ணையே எழுதினர். கொய்சுமி செற்சு என்னும் பெண்மணியை மணந்து, 1896இல் யப்பானியக் குடியுரிமை பெற்று, கொய்சுமி யாக்குமோ என்னும் பெயரைப் பூண்டார். அவ்வாண்டே டோக்கியோவின் ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கிய விரிவுரையாளரானார்.

எனினும் 1903இல் பல்கலைக்கழகம் பழைய நிபந்தனைகளில் அவரைத் தொடர்ந்து வைத்திருக்க விரும்பவில்லை. மாணவர் எதிர்த்தும் பயனின்றி அவர் விலகினார். அவரிடத்துக்கு வந்தோருள் ஒருவர், அரசாங்கச் செலவில் 1900 முதல் 1902 வரை இலண்டனிற் பயின்ற நற்சுமே சோசெக்கி. பின்னாளில் யப்பானின் தலைசிறந்த நாவலாசிரியராகப் போற்றப்பட்டவர். மறு ஆண்டே ஹேர்ன் காலமானார். தன்னையே அந்நாட்டுக்கு அளித்த மனிதருக்கு இது கொடுமையே. ஆனால் உயர்கல்வி யப்பானியர் கையிலும் யப்பானிய மொழியிலும் நிலைபெற்றமைக்கு இதே கொள்கைதான் காரணமாயிற்று.

பிலிப்பைன்சில் நிகழ்ந்தது வேறு. 1898இல் ஸ்பெயினிடமிருந்து அத்தீவுகளைப் பெற்ற ஐக்கிய அமெரிக்கா, மறு ஆண்டு முதல் அங்குச் சுதந்திரப் படைகளுடன் போரிட்டது. அப்போரின் நடுவே ஆங்கிலம் முதலிற் கற்பித்தவர் படைவீரரே. 1901 சனவரியில் 74ஆம் இலக்கச் சட்டம் ஆங்கிலத்தைப் போதனாமொழியாக்கியது. அவ்வாண்டு ஓகத்து 21இல் 'தோமஸ்' என்னும் படைக்கப்பலில் ஏறத்தாழ 500 அமெரிக்க ஆசிரியர் மணிலாவை அடைந்தனர். 'தோமசைற்றுகள்' எனப்பட்ட இவர்களிற் பலர், தொலைதூரக் கிராமங்களிற் கற்பித்தும் உள்ளூர் ஆசிரியரைப் பயிற்றியும் மெய்யாகவே உழைத்தனர். சிலர் நோய்க்கு இரையாயினர். அவர்தம் உழைப்பை மறுத்தல் நேர்மையாகாது. ஆனால் அவர்களை அழைத்தவர் பிலிப்பைன்ஸ் மக்களல்லர். அமெரிக்காவிலிருந்து வந்த பாடநூல்கள், பனியையும் அப்பிளையும் கண்டிராத சிறுவருக்கு அவற்றின் பெயர்களைக் கற்பித்தன.

இரு நாடுகளிலும் அந்நிய ஆசிரியர் விடைபெற்றனர். யப்பானில் அவர்கள் சென்றதும் வகுப்பறை நாட்டு மொழிக்கு மீண்டது. பிலிப்பைன்சிலோ உள்ளூர் ஆசிரியர் பொறுப்பேற்ற பின்னரும், 1946இல் சுதந்திரம் கிடைத்த பின்னரும் ஆங்கிலமே உயர்கல்வியில் நிலைத்தது. நிக் வாக்கீன் போன்றோர் அதனைத் தம் இலக்கிய மொழியாக்கிக் கொண்டமையும் உண்மையே. ஆயினும் உயர்கல்வியிற் பின்தங்கிய தாய்மொழியின் இழப்பை அது ஈடுசெய்ததெனல் இயலாது.

1987இல் யப்பான் மீண்டும் வெளிநாட்டு இளைஞரை அழைக்கத் தொடங்கியது. இம்முறை தன் ஆசிரியருக்கு உதவியாளராக. இன்று அவ்வாறு செல்வோருள் பிலிப்பைன்ஸ் நாட்டவரும் உளர். ஒரு காலத்திற் கட்டளையாக வந்த மொழி, அவர்களுக்கு இன்று கடல்கடந்து பிழைக்கும் வழியாயிற்று. அழைப்பவர் இடத்தில் யப்பானும் செல்பவர் இடத்தில் பிலிப்பைன்சும் நிற்பது தற்செயலன்று. கற்பவன் தானே தேர்ந்த மொழி அவனுக்குக் கருவியாகும். அவன்மீது சுமத்தப்பட்ட மொழியோ, அதைக் கருவியாக்கிக்கொள்ளப் பல தலைமுறைகளின் உழைப்பைக் கோரும்.