தலையணைக்கு அடியில் பிஸ்கட் பாக்கெட்... தத்துக் குழந்தையைத் திட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

படுக்கையை உதறும்போது தலையணைக்கு அடியிலிருந்து விழுகிறது பாதி பிஸ்கட் பாக்கெட்டும், காய்ந்துபோன இட்லித் துண்டும். வீட்டுக்கு வந்து மூணு மாசமே ஆன ஏழு வயதுக் குழந்தை. "கேட்டா தர மாட்டோமா... எதுக்கு இந்தத் திருட்டுப் புத்தி?" என்று பாட்டி ஆரம்பிப்பார். அங்கேயே அவரை நிறுத்துங்கள்.

அடுத்த வேளை சாப்பாடு கிடைக்குமா என்று தெரியாமல் வளர்ந்த பிள்ளைக்கு, ஒளித்து வைப்பது பிழைக்கிற வழி. உங்கள் ஃப்ரிட்ஜ் நிறைந்திருப்பதைக் கண் பார்த்துவிட்டது. வயிறு இன்னும் நம்பவில்லை. ஃப்ரிட்ஜைப் பூட்டினால் பயம் கூடும். கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு டப்பா வையுங்கள். கடலைமிட்டாய், பொட்டுக்கடலை, வாழைப்பழம் எதுவாகவும் இருக்கலாம். "இது உன் டப்பா, கேட்காமலே எடுத்துக்கலாம்" என்று சொல்லி, காலியாகும் முன்னே நிரப்புங்கள். ஒளித்து வைப்பது நிற்க மாதங்கள் ஆகலாம்.

'அன்பு காட்டினா எல்லாம் சரியாகிடும்' என்று நம் ஊரில் ஈஸியாகச் சொல்லிவிடுகிறோம். ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில், காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளை வைத்து 2000-க்குப் பின் ஒரு நீண்ட ஆய்வு தொடங்கியது. வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனவர்கள் காப்பகத்திலேயே இருந்தவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்கள் இன்னும் நன்றாக. குடும்பம் நிச்சயம் உதவும். ஆனால் லேட்டாக வந்த பிள்ளைக்கு அன்போடு நிறைய நேரமும் வேண்டும்.

சில பிள்ளைகள் முதல் சில வாரங்கள் ரொம்பச் சமத்தாக இருப்பார்கள். பிறகுதான் தட்டு பறக்கும். சில பிள்ளைகள் முன்பின் தெரியாத ஆட்டோ அண்ணன் மடியில்கூடப் போய் உட்காருவார்கள். 'எல்லார்கிட்டயும் ஒட்டிக்குது' என்று பெருமைப்படாதீர்கள். யாரை நம்பலாம் என்று அதற்குக் கற்றுக்கொள்ள வாய்ப்பே கிடைக்காமல் போயிருக்கலாம்.

கத்தி அழும் பிள்ளையிடம் நியாயம் பேசாதீர்கள். குழந்தை மனநல மருத்துவர் ப்ரூஸ் பெரி சொல்லும் வரிசை இது: முதலில் உடம்பு அமைதியாகட்டும், அடுத்து உறவு, அறிவுரை கடைசியில்தான். நாம் நேரே அறிவுரைக்குத் தாவிவிடுகிறோம். பக்கத்தில் உட்காருங்கள், தண்ணீர் கொடுங்கள், குரலைத் தாழ்த்துங்கள். "ஏன் இப்படிப் பண்ண?" என்பதற்குப் பதில், "பயந்துட்டியா?" போதும்.

நேருக்கு நேர் உட்கார்ந்தால் வாய் திறக்காத பிள்ளை, பக்கத்தில் நடக்கும்போது பேசலாம். புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை, மாலையானால் வண்டிகளை நிறுத்திவிடும் கடற்கரைச் சாலை. வீக் எண்டு கூட்டமும் ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சந்தையும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். சத்தமும் நெரிசலும் சில பிள்ளைகளுக்குத் தாங்காது.

எந்தக் கோபத்திலும் "ஹோம்லயே கொண்டுபோய் விட்ருவேன்" என்று சொல்லவே கூடாது. அந்தப் பிள்ளை ஏற்கெனவே ஒருமுறை விடப்பட்டது. 'உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்' என்று மாமா அடிக்கும் பழைய ஜோக்கும் இந்த வீட்டில் ஜோக் கிடையாது. உறவுக்காரர்களிடம் முன்பே சொல்லிவையுங்கள். தத்து என்ற உண்மையைச் சின்ன வயதிலிருந்தே உங்கள் வாயால், கதைபோலச் சொல்லுங்கள். அதன் பழைய கதையைப் பக்கத்து வீட்டுக்கோ இன்ஸ்டாவுக்கோ கொடுக்காதீர்கள். அது பிள்ளையுடைய சொத்து.

சட்டப்படி தத்து வேறு, வளர்ப்புப் பராமரிப்பு வேறு. முன்னதில் பிள்ளை நிரந்தரமாக உங்களுடையது. 'காரா' இணையதளத்தில்தான் பதிய வேண்டும். பின்னதில் குழந்தைகள் நலக் குழு ஒப்படைக்கும் பொறுப்பு. 2024 வழிகாட்டுதல்படி, இரண்டு வருடம் வளர்த்தபின் அதே பிள்ளையைத் தத்தெடுக்க வழி உண்டு. தத்தெடுத்த பிறகு இரண்டு வருடம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சமூகப் பணியாளர் வருவார். அவரை 'செக்கிங் ஆபீஸர்' மாதிரி பார்த்து, வீட்டைத் துடைத்துவைத்துச் சிரிக்காதீர்கள். தூங்கலை, அடிக்கிறான், எனக்கே முடியலை... எதுவானாலும் அவரிடம்தான் கொட்ட வேண்டும். பிரச்னையை மறைத்து மறைத்துக் கடைசியில் பிள்ளையைத் திருப்பி ஒப்படைப்பதுதான் பெரிய கொடுமை.

தன்னையே காயப்படுத்திக்கொள்வது, வாரக்கணக்கில் தூங்காமல் இருப்பது, பேச்சே நின்றுபோவது போன்றவை தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். கோரிமேடு ஜிப்மரில் மனநலத் துறை இருக்கிறது. 14416 டெலி மனாஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098. ராத்திரி ரெண்டு மணிக்கு பாத்ரூமில் உட்கார்ந்து அழும் அம்மா, அப்பாவுக்கும் அதே 14416 உண்டு.