வெண்ணியும் சேப்பாக்கமும்

தஞ்சையிலிருந்து நீடாமங்கலம் செல்லும் வழியிலுள்ள கோயில்வெண்ணியே சங்ககால வெண்ணி என்பர். அக்களத்தில் வென்றவன் கரிகாலன். எனினும் வெண்ணிக்குயத்தியார், புறப்புண் நாணி வடக்கிருந்த சேரனை 'நின்னினும் நல்லன்' என்ற பொருள்பட, கரிகாலனை விளித்தே பாடினார். புறநானூற்றின் 66ஆம் பாடல் அது. தோற்றவனுக்கும் வரலாற்றில் இடம் தந்த இம்மரபைக் கொண்டு, ரஞ்சிக் கோப்பை இறுதியாட்டங்களைச் சற்றே நோக்குவோம்.

2014-15 வரை நம் அணி 12 இறுதியாட்டங்களைக் கண்டது, வென்றவை இரண்டே. 1954-55இல் இந்தூரில் ஹோல்கர் அணியை 46 ஓட்டங்களில் வென்றது. பின்னர், 1987-88இல் எஸ்.வாசுதேவன் தலைமையில் சேப்பாக்கத்தில் ரயில்வே அணியை வென்றது. இடையே 33 ஆண்டுகள்.

அவ்விடைவெளியின் உச்சம் 1972-73. 'தமிழ்நாடு' என்ற பெயரில் நம் அணி ஆடிய முதல் இறுதியாட்டம், களமோ சேப்பாக்கம். வெங்கட்ராகவன், வி.வி.குமார் ஆகிய சுழற்பந்து வீச்சாளர்களின் துணையால் பம்பாய் அணி 151, 113 என்று சுருண்டது. ஆனால் சுழலுக்கு இசைந்த அம்மண் எதிரணிக்கும் இசைந்தது. பத்மாகர் சிவால்கர் 13 விக்கெட்டுகளைச் சாய்த்தார். நாம் எடுத்தவை 80, 61. மூன்றாம் நாளின் முதற்பந்திலேயே ஆட்டம் முடிந்தது.

வெங்கட்ராகவனும் குமாரும் அந்த 33 ஆண்டுகளுக்குள்ளேயே ஆடி முடித்தவர்கள். தமிழ்நாட்டுக்காக அவர்கள் கோப்பையை ஏந்தவே இல்லை. வென்றோர் பட்டியலை மட்டும் வரலாறு எனக் கொண்டால் இவ்விருவருக்கும் அதில் இடமில்லை. குயத்தியாரின் மரபில் வந்த நாம் அப்படிக் கொள்ளலாகாது.