பழவேற்காட்டு வெடிமருந்தும் தோட்டா நிரப்பும் கைக்கருவிகளும்

பழவேற்காடு திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், கடலுக்கும் ஏரிக்கும் இடையே அமைந்த பழைய துறைமுக ஊர். ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இங்குள்ளது. பூநாரைகளுக்காகவும் டச்சுக் கல்லறைகளுக்காகவும் பலர் இவ்வூரை அறிவர். 17ஆம் நூற்றாண்டில் ஆசியாவின் பல துறைமுகங்களுக்கு வெடிமருந்து செய்து அனுப்பிய ஊர் இது என்பதை அறிந்தவர் குறைவு. துப்பாக்கிகளைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளன. அவற்றுக்கு உணவான மருந்து, ஈயக்குண்டு, தோட்டா ஆகியவற்றைச் செய்த கைகளையும் கருவிகளையும் பற்றி எழுதப்பட்டது மிகச் சிறிதே. இக்கட்டுரை அவற்றையே பார்க்கிறது.

கோட்டையும் மருந்தாலையும்

1610இல் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரின் இசைவுடன் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் வணிகத்தில் இறங்கினர். சாந்தோமில் இருந்த போர்த்துகீசியர் 1612இல் அவர்களின் பண்டகசாலையைத் தாக்கி அழித்தனர். அடுத்த ஆண்டே, 1613இல், கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. சோழமண்டலக் கடற்கரையில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையிடமாக 1690 வரை இக்கோட்டை விளங்கியது. பின்னர் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது.

இங்கிருந்து முதன்மையாக ஏற்றுமதியானது துணி. சோழமண்டலத் துணியைக் கொடுத்து மொலுக்கஸ் தீவுகளில் சாதிக்காயும் கிராம்பும் வாங்குவதுதான் கம்பெனியின் கணக்கு. அந்த வணிகத்தைக் காக்கக் கப்பல்தோறும் பீரங்கி, தீவுதோறும் கோட்டை. அத்தனைக்கும் மருந்து வேண்டும். ஐரோப்பாவிலிருந்து பல மாதக் கடற்பயணத்தில் கொண்டுவந்தால் மருந்து ஈரம் கோத்துக் கெடும், கப்பலுக்கும் ஆபத்து. எனவே 1620களில் பழவேற்காட்டிலேயே ஒரு வெடிமருந்து ஆலை அமைக்கப்பட்டது. கிழக்கிந்தியத் தீவுகளின் டச்சு நிலையங்களுக்கும், தாயகம் திரும்பும் கப்பல்களுக்கும் பல பத்தாண்டுகள் இந்த ஆலை மருந்து வழங்கியது.

உப்பு, கரி, கந்தகம்

கருமருந்தில் மூன்றே பொருள்கள்: வெடியுப்பு, கரி, கந்தகம். கந்தகம் வெளியிலிருந்து வரவேண்டும். கரியும் வெடியுப்பும் உள்நாட்டிலேயே கிடைத்தன. பழைய குடியிருப்புகள், மாட்டுத் தொழுவங்கள் ஆகியவற்றின் மண்ணில் வெடியுப்புப் பூக்கும். அந்த மண்ணைச் சுரண்டி, நீரில் கரைத்து, வடித்து, காய்ச்சி உப்பெடுப்பது தமிழ்நாட்டில் உப்பிலியர் போன்ற சமூகங்களின் பரம்பரைத் தொழில். எந்த மண்ணில் உப்பு இருக்கிறது என்பதை நாக்கால் சுவைத்தே சொல்லும் அறிவு அது. ஐரோப்பியக் கம்பெனிகளின் பீரங்கிகள் கடைசியில் இந்த அறிவின்மீதுதான் நின்றன.

மருந்தாலையின் கருவிகளும் தனி வகை. இரும்போடு இரும்பு உரசினால் பொறி பறக்கும். ஆகவே மரம், செம்பு, பித்தளை, கொம்பு, தோல் ஆகியவற்றால் ஆன கருவிகளே மருந்தைத் தொடலாம். அரைத்த தூளை நனைத்துக் கட்டியாக்கி, சல்லடையில் தேய்த்து மணிமணியாக்கி உலர்த்துவர். தூளாகவே விட்டால் பயணத்தில் மூன்று பொருள்களும் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். எரிவதும் சீராக இராது. சல்லடைக் கண்ணின் அளவு மாறினால் மருந்தின் குணமே மாறும். பீரங்கிக்குப் பருமணி, துப்பாக்கிக்குச் சிறுமணி.

இந்த உழைப்பைச் செய்தவர்களின் பெயர்கள் கல்லில் இல்லை. பழவேற்காட்டு டச்சுக் கல்லறைகளில் அழகாகச் செதுக்கப்பட்டுள்ள பெயர்கள் கம்பெனி அலுவலர், வணிகர், அவர்தம் குடும்பத்தினருடையவை. இதே துறையிலிருந்து அடிமைகளும் படாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர் என்பதையும் சேர்த்து நினைத்தால்தான் அந்தச் செல்வத்தின் முழுக்கணக்கு விளங்கும். கோட்டையை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் தகர்த்தனர். 1825இல் பழவேற்காடு முழுமையாக அவர்கள் வசமானது. இன்று அங்கே அகழியும் புதர் மண்டிய மேடும் மிஞ்சியுள்ளன. அருகிலுள்ள மீனவர் ஊரான கோட்டைக்குப்பம் தன் பெயரில் மட்டும் கோட்டையைக் காக்கிறது.

துப்பாக்கியின் துணைக்கருவிகள்

கோட்டைக்கு வெளியே, சாதாரண மக்களிடம் புழங்கியது நாட்டுத் துப்பாக்கி. இதில் தோட்டா கிடையாது. குழலின் வாய்வழியே மருந்தையும் ரவையையும் போட்டு, நீண்ட கோலால் இடித்து இறுக்க வேண்டும். ஈழத் தமிழர் இதற்கு வைத்த பெயர் 'இடியன் துவக்கு'. வேலையையே பெயராக்கிய இதைவிடப் பொருத்தமான சொல் தமிழில் இல்லை என்பேன்.

ஒவ்வொரு முறை சுடும்போதும் சுடுபவரே தம் கையால் வெடிபொருளைக் கூட்ட வேண்டியிருந்ததால், அவரிடம் ஒரு சிறு கருவித் தொகுதி எப்போதும் இருக்கும். மருந்து நனையாமல் வைக்கக் கொம்பு அல்லது குடுக்கை, அளந்து போட ஒரு குழல், இடிக்கும் கோல், மருந்தையும் ரவையையும் பிரித்து அடைக்கத் தேங்காய் நார். 19ஆம் நூற்றாண்டில் 'கேப்' எனப்படும் சிறு செம்புத் தொப்பியும் சேர்ந்தது. இவற்றில் பெரும்பாலானவை கடையில் வாங்கியவை அல்ல. கொல்லரும் தச்சரும் செய்தவை, அல்லது தாமே செதுக்கிக்கொண்டவை. ஏரி, குளங்களை ஒட்டிப் பறவை வேட்டையாடி வாழ்ந்த நரிக்குறவர் சமூகத்தில் இந்தக் கைப்பழக்கம் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது.

ரவை செய்வதும் தனிக்கலை. ஈயம் குறைந்த வெப்பத்திலேயே உருகுவதால் வீட்டு அடுப்பே போதும். பெரிய குண்டுகளை இரட்டை அச்சில் வார்த்தனர். சிறு ரவைக்கு அச்சு சரிவராது. உருகிய ஈயத்தைச் சல்லடை வழியே உயரத்திலிருந்து விழவிட்டால் துளிகள் உருண்டையாக இறுகும் என்று இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரைச் சேர்ந்த வில்லியம் வாட்ஸ் 1782இல் காப்புரிமை பெற்றார். அதன்பின் ரவை, கைத்தொழிலிலிருந்து ஆலைக்குப் போனது.

வெற்றுக்கூட்டை மீண்டும் நிரப்புதல்

தோட்டா என்பது முதலில் வெறும் காகிதச் சுருள். ஒரு முறைக்கான மருந்தும் குண்டும் அதில் முன்பே அளந்து கட்டப்பட்டிருக்கும். அதைப் பல்லால் கடித்துத் திறந்தனர். 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கியின் கொழுப்புத் தடவிய தோட்டாவைக் கடிக்க மறுத்ததே 1857 கிளர்ச்சிக்குத் தீப்பொறியானது. தோட்டாவை யார், எதைக் கொண்டு செய்தார்கள் என்ற கேள்வி ஒரு பேரரசையே அசைத்தது.

பின்னர் பித்தளைக் கூடு வந்தது. தோட்டாவில் விலை அதிகமான பகுதி கூடுதான். சுட்ட பிறகும் அது கெடுவதில்லை. எனவே வெற்றுக்கூட்டை எறியாமல் மீண்டும் நிரப்பும் வழக்கம் பிறந்தது. எரிந்த கேப்பைத் தட்டி எடுக்கும் ஊசி, மருந்தும் ரவையும் அளக்கும் இருமுனைக் கிண்ணி, அட்டை வில்லை வெட்டும் உளி, காகிதத் தோட்டாவின் விளிம்பைச் சுருட்டும் சிறு கைச்சுழலி. மேசை விளிம்பில் திருகிப் பொருத்தும் அந்தச் சுழலி பார்ப்பதற்கு நம் வீட்டு முறுக்கு உழக்கின் உறவுக்காரன்போல இருக்கும். இந்தியாவில் கூடவே ஆலைத் தோட்டாவும் பெருகியது. புணே அருகே கிர்க்கியில் 1869இல் தொடங்கிய ஆலை, பிற்காலத்தில் 'சக்திமான்' என்ற பெயரில் வேட்டைத் தோட்டாக்களையும் தயாரித்தது.

சட்டமும் ஈயமும்

1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கியோடு வெடிபொருளையும் உரிமத்துக்குள் கொண்டுவந்தது. இப்போதுள்ள 1959ஆம் ஆண்டுச் சட்டம், பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி நிரப்பும் துப்பாக்கிக்கு உரிமம் பெற வழி வைத்துள்ளது. உரிமமின்றி மருந்தோ தோட்டாவோ செய்வது குற்றம். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பழவேற்காடு ஏரியின் பகுதிகள் பறவைகள் சரணாலயமாயின. பறவைகளுக்கு இது நல்ல செய்தி. ஆனால் துப்பாக்கியைப் பிழைப்பாகக் கொண்டிருந்த நரிக்குறவர்கள் ஒரே சட்டத்தில் வேட்டைக்காரரிலிருந்து குற்றவாளியாயினர். ஊசிமணி, பாசிமணி விற்பதே வாழ்வாயிற்று. அவர்கள் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் சேர 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்தாலும் ஈயம் ஓய்வதில்லை. நீர்நிலையில் விழுந்த ரவையைக் கூழாங்கல் என நினைத்து வாத்துகளும் பூநாரைகளும் விழுங்கும். அரைவைப்பையில் அது தேய்ந்து நஞ்சாக இரத்தத்தில் கலக்கும். அமெரிக்கா 1991இல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவையைத் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈரநிலங்களில் அதே தடை 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது.

பழவேற்காட்டு மீனவரும் ஈயத்தை அறிந்தவர்களே. வீச்சுவலை நீருக்குள் வட்டமாக இறங்குவது விளிம்பில் கோத்த ஈயமணிகளின் எடையால்தான்.