சீருடைப் படமும் போர்ப்பணியும்: சென்னை மாகாண வீரர் ஒளிப்படங்கள் குறித்து

நடுகல்லை ஆராய்வோர்க்குப் பல இடங்களில் எழுத்துச் சான்று துணைநிற்கின்றது. மன்னனின் ஆட்சியாண்டு, வீரனின் பெயர், அவன் பட்ட பூசல் ஆகியன கல்லிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். முதல் உலகப் போரில் (1914–1918) பங்குகொண்ட சென்னை மாகாண வீரர் பலரின் இல்லங்களிலோ, சட்டமிட்ட ஒளிப்படம் ஒன்றே எஞ்சியுள்ளது. 'சண்டைக்குப் போனவர்' என்பதற்கு மேல் வழித்தோன்றல்கள் யாதும் அறியார். அவர் போரில் ஆற்றிய பணியைச் சீருடை எவ்வளவு உணர்த்தும் என்பதே இங்கு ஆய்வுக்குரியது.

முதற்கண் நோக்கத்தக்கது தோள்பட்டை. படைப்பிரிவின் எண் அங்குப் பித்தளையில் அமைந்திருக்கும். 1903இல் கிச்சனர் மேற்கொண்ட சீரமைப்பில், சென்னைப் படையின் காலாட்பிரிவுகள் பெரும்பாலும் தம் பழைய எண்ணுடன் அறுபது கூட்டப்பெற்றன. முதலாம் மதராஸ் பயனியர் பிரிவு 61ஆம் பயனியர் ஆயிற்று. மூன்றாம் பிரிவு 63ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படை ஆயிற்று. 1922ஆம் ஆண்டின் மறுசீரமைப்பில் இவ்வெண்கள் மறைந்தன. ஆதலின், இத்தகைய எண் ஒன்றே படத்தின் காலத்தை ஏறத்தாழ இருபது ஆண்டுக்குள் அடக்கிவிடுகின்றது. ஆயின், 'பாளையங்கோட்டை' என்னும் பெயர்கொண்டு வீரரின் ஊரைத் துணிதல் பிழையாகும்.

61, 64, 81 ஆகிய எண்கள் பயனியர் பிரிவுகளுக்குரியன. இவர்கள் துப்பாக்கிப் பயிற்சி பெற்ற காலாட்படையினரே. எனினும் பாதை அமைத்தலும் பதுங்குகுழி வெட்டுதலும் இவர்தம் தனிப்பணி. 1914 நவம்பரில், செருமானியக் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்கா துறைமுகத்தில் நிகழ்ந்து தோல்வியில் முடிந்த படையிறக்கத்தில், 61, 63 என்னும் இரு பிரிவுகளுமே இருந்தன. ஒரே களம்; பணி வேறு. மண்வெட்டி ஏந்தியவரைக் குறைவாக எண்ணுவது, தென்னாட்டு வீரரைப் போருக்குத் தகுதி குறைந்தோர் எனக் கருதிய ராபர்ட்ஸ் முதலியோரின் 'போர்க்குடி'க் கொள்கையை நாமும் வழிமொழிவதாகும்.

அடுத்து, சட்டைக்கை. மேற்கையிலுள்ள பட்டைகள் மூன்றாயின் அவர் ஹவில்தார்; இரண்டாயின் நாயக். இடது முன்கையில் செங்குத்தாக நிற்கும் சிறு பொற்கோடு, 1916இல் அறிமுகமான காயக்குறி. வலது முன்கையின் சிறு கூர்ப்பட்டைகள் 1918இல் ஏற்பட்ட அயல்நாட்டுப் பணிக்குறிகள். இவை இந்தியப் படையினருக்கும் உரியன. 1914 முடிவதற்குள் போர்க்களம் சென்றோர்க்குச் சிவப்பு. பிந்தைய ஒவ்வோராண்டுக்கும் நீலம். அக்கால ஒளிப்படத் தகடுகளோ பெரும்பாலும் சிவப்பைக் கருமையாகவும் நீலத்தை வெளிறியும் காட்டும் இயல்பின. இஃது அறியாதார் கரிய பட்டையை நீலமென மயங்கி, தாங்காவில் நின்றவரைப் பிற்காலத்தில் சேர்ந்தவராகக் கணித்துவிடக்கூடும்.

பதக்கங்களில் மயக்கம் மிகுதி. 1914ஆம் ஆண்டு விண்மீன் பதக்கம், அவ்வாண்டு நவம்பர் 22 வரை பிரான்சிலும் பெல்ஜியத்திலும் பணியாற்றியோர்க்கே உரியது. ஆப்பிரிக்கா சென்றவர்க்கு வழங்கியது 1914–15 விண்மீன். இரண்டற்கும் நாடா ஒன்றே. ஆதலின் நாடா மட்டும் தெரியும் படத்தைக்கொண்டு வீரரை ஐரோப்பாவிற்கு அனுப்பிவிடல் ஆகாது. மேலும், படைவீரர்க்கு வெள்ளியில் வழங்கிய பிரித்தானியப் போர்ப் பதக்கம், இந்தியத் தொழிலாளர் படையினர்க்கு வெண்கலத்தில் வழங்கப்பெற்றது. கருப்பு வெள்ளைப் படத்தில் இவ்வேறுபாட்டைத் துணிவது அரிது. பெட்டியில் கிடக்கும் பதக்கமே அதைச் சொல்லவல்லது.

அப்பதக்கத்தின் விளிம்பில் வீரரின் எண், பெயர், பிரிவு ஆகியன பொறிக்கப்பட்டிருக்கும். படத்தைப் படியெடுக்கச் செல்லும் ஆய்வாளர் விளிம்பையும் படியெடுத்தல் வேண்டும். அதனைப் புளியிட்டுத் துலக்காதிருக்குமாறு வீட்டாரிடம் கேட்டுக்கொள்ளவும் வேண்டும். தேய்வதில் முந்துவது அவ்வெழுத்தே.